சுவரில் இருக்கும் மூளை

ஒக்டோபர் மாதம் பிறந்ததும் நமது வீடுகள் பலவற்றில் ஒரு வழக்குத் தொடங்கிவிடுகிறது. வாதியும் பிரதிவாதியும் வீட்டுக்காரர்தான். வழக்குப் பொருள், நடைபாதைச் சுவரில் பூட்டியிருக்கும் உள்ளங்கை அளவு வெள்ளைப் பெட்டி. "ஆர் இதைக் கூட்டினது?" என்று ஒரு குரல் கேட்கும். "நான் தொடவே இல்லை" என்று மூன்று குரல்கள் பதில் சொல்லும். காஸ் பில் கட்டுகிறவருக்கு அந்தப் பெட்டி எப்போதும் கூடத்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எப்போதும் குறையத்தான் இருக்கிறது. வயது போனவர்கள் ஒன்றுமே சொல்லமாட்டார்கள். இந்தக் கடைசி வசனத்தை வாசகர்கள் மனதில் வைத்திருக்கவேண்டும். பின்னால் அதற்கு வருவோம்.

இந்தப் பெட்டிக்குப் பெயர் தெர்மோஸ்ராற். லண்டனுக்குப் புதிதாக வந்த ஒரு குடும்பத்தைச் சென்ற வாரம் பார்க்கப் போயிருந்தோம். பெட்டியின் முள் 30 இல் நின்றது. ஏன் என்று கேட்டோம். "கெதியாய்ச் சூடாகட்டும் எண்டுதான் அண்ணை" என்றார் வீட்டுக்காரத் தம்பி. இதே பிழையை நாங்களும் ஒரு காலத்தில் விட்டவர்கள்தான். சாதாரணத் தெர்மோஸ்ராற்றுக்குத் தெரிந்தவை இரண்டே கட்டளைகள்: மூட்டு, நிறுத்து. 20 இல் வைத்தாலும் 30 இல் வைத்தாலும் பொயிலர் ஒரே வேகத்தில்தான் எரியும். 20 இல் வைத்தால் 20 வந்ததும் நிறுத்தும். 30 இல் வைத்தால் நிறுத்தாமல் எரித்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். நகரத்தில் இருந்து வரும்போது பார்க்கிங் வரை ரிக்கெற் எடுத்தால் ரயில் ஈஸ்ற்ஹாமுக்கு முந்தி வந்து சேராது அல்லவா?

இவ்வளவு எளிய பெட்டியைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையா என்று சிலர் கேட்கலாம். இந்தப் பெட்டியும், தொழிற்சாலைகளையும் ரயில்களையும் நடத்தும் இதன் பெரிய உறவினர்களும், தங்கள் வித்தையை உயிர்களின் உடம்பைப் பார்த்தே படித்து வருகின்றன. அந்தப் படிப்பின் முக்கியமான பாடம் ஒன்று நடந்த இடம் நமக்கு மிகக் கிட்ட இருக்கிறது. ஈஸ்ற்ஹாமில் இருந்து டிஸ்ரிக்ற் லைன் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள் தினமும் அதைக் கடந்து போகிறார்கள்.

முதலில் உடம்பு.

வெளியே வெயிலோ பனியோ, நமது உடம்பின் உள்ளே ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ்தான். இதைக் காத்து நிற்பது மூளையின் அடிப்பாகத்தில் இருக்கும் ஹைப்போதலமஸ் என்ற சிறு பகுதி. அதற்கும் சுவர்ப் பெட்டிபோல ஒரு குறி உண்டு. தன்னிடம் வரும் இரத்தத்தின் சூட்டை அது அறிகிறது. குறி தவறினால் கட்டளை போகிறது. சூடு கூடினால் வியர்வை சுரக்கும், தோலுக்கு இரத்தம் பாயும். சூடு குறைந்தால் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்கும் (விரல் நுனி வெளிறிப்போவது இதனால்தான்). பிறகு தசைகள் நடுங்கத் தொடங்கும். நடுக்கம் ஒரு பலவீனம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது நமது பொயிலர் எரிகிற சத்தம். சும்மா இருக்கும்போது உடம்பு உண்டாக்கும் வெப்பத்தைவிடப் பல மடங்கு வெப்பத்தை நடுக்கம் தருகிறது.

காய்ச்சல் தொடங்கும்போது உடம்பு சுடுகிறது, ஆனால் பிள்ளை "குளிருது அம்மா" என்று போர்வைக்குள் சுருண்டுகொள்கிறது. ஏன்? கிருமியோடு போராடும்போது ஹைப்போதலமஸ் தனது குறியையே 37 இல் இருந்து 39 க்கு ஏற்றிவிடுகிறது. உடம்பு 37 இல் நிற்கிறது, குறி 39 இல் நிற்கிறது, ஆகவே உடம்புக்கு அது குளிர். நடுங்கி நடுங்கிப் புதிய குறிக்கு ஏறுகிறது. காய்ச்சல் விடும்போது குறி இறங்கும், வியர்த்துக் கொட்டும். ஊரில் வியர்வை கண்டதும் "இனிப் பயமில்லை" என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்த கணக்கு இதுதான்.

ஆனால் உடம்பு சுவர்ப் பெட்டியைப் போல வெறும் மூட்டு-நிறுத்து மெசின் அல்ல. நாம் பனிக்குள் இறங்கிய அடுத்த கணமே நடுங்கத் தொடங்கிவிடுகிறோம். அந்தக் கணத்தில் இரத்தம் குளிர்ந்துவிடவில்லை. தோலில் இருக்கும் உணர்வு நரம்புகள் முன்கூட்டியே தகவல் அனுப்பிவிட்டன. நட்டம் வருவதற்கு முன்னரே உடம்பு வேலையைத் தொடங்கிவிடுகிறது. நமக்குள் ஒரு முன்யோசனைக்காரர் குடியிருக்கிறார்.

முன்யோசனை இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை அறிய ஆராய்ச்சிசாலைக்குப் போகவேண்டியதில்லை. இந்த நாட்டுக் குளியலறையே போதும். ஷவரைத் திறக்கிறோம், தண்ணீர் குளிர்கிறது. சூட்டுப் பக்கம் திருப்புகிறோம், இன்னும் குளிர்கிறது. இன்னும் திருப்புகிறோம். குழாயில் வழியில் நின்ற சுடுதண்ணீர் முழுவதும் இப்போது வந்து முதுகில் கொட்டுகிறது. பதறிக்கொண்டு மற்றப் பக்கம் திருப்புகிறோம், மீண்டும் ஐஸ். கையில் பிழை இல்லை. கை செய்த வேலையின் பலன் திரும்பி வந்து சேர நேரமெடுக்கிறது, அந்த நேரத்துக்குள் கை பொறுமை இழந்துவிடுகிறது.

செய்த வேலையின் பலனைப் பார்த்து அடுத்த வேலையைத் திருத்துவதற்குப் பின்னூட்டல் என்று பெயர். பின்னூட்டல் பிந்தினாலோ மிஞ்சினாலோ எந்தத் தொகுதியும் ஊஞ்சலாடத் தொடங்கும். இதை உயிருக்கும் இயந்திரத்துக்கும் பொதுவான விதியாகப் பார்த்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கணித அறிஞர் நோர்பேட் வீனர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது விமான எதிர்ப்புப் பீரங்கிகளுக்கு அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். குண்டு மேலே போய்ச் சேரும்போது விமானம் இப்போது நிற்கும் இடத்தில் நிற்காது. அது இருக்கப்போகும் இடத்தைக் குறிபார்க்கவேண்டும். (விமானச் சத்தம் கேட்டுப் பங்கருக்குள் ஓடிய நாம் இந்தக் கணக்கை மற்றப் பக்கத்தில் நின்று படித்தவர்கள். அதை இங்கே விட்டுவிடுவோம்.) பின்னூட்டல் மிஞ்சினால் பீரங்கி ஊஞ்சலாடும் என்று கண்ட வீனரும் அவருடன் வேலை செய்த பொறியியலாளர் பிகலோவும், மெக்சிக்கோ நாட்டு உடற்றொழிலியல் அறிஞர் ரோசன்புளூத்திடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: மனிதருக்கு இப்படி ஒரு வருத்தம் உண்டா? உண்டு என்று பதில் வந்தது. சிறுமூளையில் காயப்பட்ட நோயாளி சும்மா இருக்கும்போது கை அமைதியாக இருக்கும். தண்ணீர்க் கிளாசை எடுக்கக் கையை நீட்டியதும் அது அங்கும் இங்கும் ஆடி, தண்ணீர் முழுவதும் சிந்திவிடும். ஷவரில் நாம் ஆடுகிற அதே ஆட்டம்.

1948 இல் வீனர் எழுதிய நூலுக்குச் 'சைபர்நெற்றிக்ஸ்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்ற சொல்லில் இருந்து வந்த பெயர் அது. நமது கடலோர ஊர்களின் தண்டையல்மாருக்கு இதில் விளக்கம் தேவைப்படாது. வள்ளம் இடப்பக்கம் ஒதுங்கினால் எவ்வளவு திருப்பவேண்டும், வள்ளம் திரும்பி முடிவதற்கு முன்னரே எப்போது கையைத் தளர்த்தவேண்டும் என்பது அவர்களின் தொழில்.

சுவர்ப் பெட்டியிலும் இப்படி ஒரு சிறு தந்திரம் செய்து வைத்திருக்கிறார்கள். பழைய வகைத் தெர்மோஸ்ராற்றுகள் பலவற்றின் உள்ளே மிகச் சிறிய மின்சூடாக்கி ஒன்று இருக்கும். பொயிலர் எரியும்போது அதுவும் சூடாகி, அறை சூடாவதற்குச் சற்று முன்னரே பெட்டியை ஏமாற்றி நிறுத்தச் சொல்லும். றேடியேற்றரில் ஏற்கெனவே இருக்கும் சூடு மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். தோலின் முன்யோசனைக்கு இது ஏழை உறவு.

அதே காலத்தில் பிறிஸ்டல் நகரில் மூளை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கிறே வோல்ரர் என்பவர் இரண்டு ஆமைகளைச் செய்தார். எல்மர், எல்சி என்று பெயர். சில்லுகள், இரண்டு மோட்டர்கள், இரண்டே இரண்டு வால்வுகள், வெளிச்சத்தை அறிய ஒரு கண், முட்டினால் அறிய ஓடு. வேறொன்றும் இல்லை. ஆனால் அவை அறைக்குள் அலைந்து திரிந்தன, தடையில் முட்டினால் சுற்றிப் போயின, மெல்லிய வெளிச்சத்தைத் தேடின, கூசும் வெளிச்சத்தை விட்டு விலகின. மின்கலம் இறங்கியதும் குணம் மாறிவிடும். முன்பு விலகிய அதே வெளிச்சம் இப்போது இழுக்கும். அந்த வெளிச்சம் இருக்கும் கூட்டுக்குள் போய்த் தாமே மின்சாரம் ஏற்றிக்கொள்ளும். பசி வந்தால் பிடிக்காத வீட்டுக்கும் போகிறோம் அல்லவா, அதுபோல. 1951 இல் பிரித்தானிய விழாவில் இந்த வகை ஆமைகளை மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். அவற்றில் ஒன்று லண்டன் சயன்ஸ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அந்த மியூசியத்தின் பொதுக் காட்சிகளுக்குக் கட்டணம் இல்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். இன்று ஒஃபீஸ்களில் தானே ஓடித் தூசு உறிஞ்சும் வட்டமான மெசின்களைத் துப்புரவு வேலைக்குப் போகும் நம்மவர்கள் பார்த்திருப்பீர்கள். மின்கலம் குறைந்ததும் தன் இடத்துக்கு ஊர்ந்து போகும் அந்த மெசின் எல்சியின் பேரப்பிள்ளை.

இனி மைல் எண்ட்.

மைல் எண்ட் ஸ்ரேசனில் இறங்கி மேற்கே நடந்தால் குயீன் மேரி வருகிறது. 1970களின் தொடக்கத்தில் அது குயீன் மேரி கல்லூரி. அங்கே படிப்பித்தவர் எப்ராஹிம் மம்தானி. தன்சானியாவில் 1942 இல் பிறந்து, இந்தியாவில் பூனாவில் பொறியியல் படித்து, லண்டனுக்கு வந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவரிடமும் மாணவர் அசிலியனிடமும் ஒரு சிறிய நீராவி இயந்திரம் இருந்தது. கொதிகலனின் அழுத்தத்தையும் இயந்திரத்தின் வேகத்தையும் ஒரு கணனி பார்த்துக்கொள்ளவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், ஆகவே கணக்குச் சமன்பாடுகளால் அதைப் பிடிப்பது சங்கடம். ஆனால் பழகிய மனிதர் ஒருவர் பக்கத்தில் நின்றால் பிரச்சினை இல்லாமல் ஓட்டிவிடுகிறார். அவருக்குச் சமன்பாடு தெரியாது. "அழுத்தம் கொஞ்சம் குறைவு, ஆனால் ஏறிக்கொண்டு வருகுது, அப்ப சூட்டைக் கூட்டத் தேவையில்லை" என்ற மாதிரித்தான் அவரது அறிவு இருக்கிறது.

இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லைக் கணனிக்கு எப்படிச் சொல்லுவது? அதற்கு வழி ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தது. பாக்கு நகரில் 1921 இல் பிறந்து, சிறுவயதில் ஈரானுக்குப் போய், 1944 இல் அமெரிக்காவுக்குப் போன லொத்ஃபி சாதே என்பவர் 1965 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கணிதத்தில் ஒன்று, ஒரு கூட்டத்துக்கு உள்ளே இருக்கும் அல்லது வெளியே இருக்கும். வாழ்க்கையில் அப்படி இல்லை. 16 பாகை குளிரா? 'முக்கால்வாசி குளிர்' என்று சொல்ல இடம் கொடுத்தால் என்ன? இதுதான் ஃபஸி லொஜிக். மங்கல் தருக்கம் என்று தமிழில் சொல்லலாம். மம்தானியும் அசிலியனும் இயந்திரம் ஓட்டுகிறவரின் வாய்ச்சொற்களை அப்படியே விதிகளாக எழுதிக் கணனிக்குக் கொடுத்தார்கள். இயந்திரம் ஒழுங்காக ஓடியது. 1974 இலும் 1975 இலும் வெளிவந்த அந்த வேலைதான், மனிதரின் அனுபவ அறிவைச் சொல் சொல்லாக வாங்கி இயந்திரத்தை நடத்திய முதல் முயற்சி.

ஊரைவிட்டு ஊர் போன இரண்டு பேர் 'கொஞ்சம்', 'அரைவாசி', 'கிட்டத்தட்ட' என்ற சொற்களுக்குக் கணக்கில் இடம் தேடிக் கொடுத்தது தற்செயலா என்று நமக்கு ஒரு யோசனை. நிரூபிக்க முடியாது, யோசனை மட்டும்தான்.

அதன் பின் இது வேகமாகப் பரவியது. டென்மார்க்கில் சீமெந்துச் சூளைகளை இந்த முறையில் நடத்தத் தொடங்கினார்கள். சூளை ஒரு பொல்லாத சாமான். காங்கேசன்துறை ஆலையில் வேலை செய்த வாசகர்கள் யாராவது இருந்தால் சூளைப் பக்கத்தில் அனுபவக்காரருக்கு இருந்த மரியாதையை அவர்களே சொல்லுவார்கள். 1987 இல் யப்பானின் செண்டாய் நகரில் திறந்த நிலக்கீழ் ரயில் இந்த முறையில்தான் பிறேக் பிடித்தது, நிற்கும்போதும் புறப்படும்போதும் குலுக்கம் குறைந்தது. பிறகு யப்பானியர் இதைக் குசினிக்குள் கொண்டுவந்தார்கள்.

நமது சாதாரண ரைஸ் குக்கரே ஒரு கெட்டிக்காரப் பொருள். சட்டியின் அடியில் ஒரு காந்தம் சுவிச்சைப் பிடித்திருக்கும். தண்ணீர் இருக்கும்வரை சட்டி 100 பாகையைத் தாண்டாது. தண்ணீர் முழுவதும் அரிசிக்குள் போனதும் சூடு 100 க்கு மேல் ஏறும், அந்தச் சூட்டில் காந்தம் தன் சக்தியை இழந்து 'டக்' என்று கையை விடும். கணனியும் இல்லை, நேரம் பார்க்கும் கடிகாரமும் இல்லை. ஆனால் அதற்கு அந்த ஒரு விஷயம் மட்டும்தான் தெரியும். ஃபஸி என்று எழுதியிருக்கும் குக்கர், சூடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்பதைப் பார்த்து அரிசி கூடவா குறையவா என்று மதித்து, அதற்குத் தக்கபடி நெருப்பை மாற்றும். அம்மா பானையை ஒருதரம் பார்த்துவிட்டு விறகை வெளியே இழுப்பது மாதிரி. புழுங்கல் அரிசிக்கு அது எவ்வளவு தூரம் சரிவருகிறது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி உண்டு.

விதி எழுதிக் கொடுப்பது ஒரு வழி. விதியையே சொல்லாமல் பழக்குவது மற்ற வழி. மூளையின் நரம்புக் கலங்களைப் பார்த்து அமைத்த செயற்கை நரம்பு வலைகள் 1943 முதல் கணக்கிலும் பிறகு இயந்திரத்திலும் வளர்ந்து வந்தவை. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒரு வான், மனிதர் ஓட்டுவதைக் கமராவால் பார்த்துப் பார்த்து ஸ்ரியறிங்கைத் திருப்பப் பழகியது. அதில் ஒரு சிக்கல் வந்தது. நன்றாக ஓட்டுகிறவர் வீதியின் நடுவே ஒழுங்காகவே ஓட்டினார். ஆகவே ஓரத்துக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்பதை வான் கண்டதே இல்லை. வான் ஓரத்துக்கு விலகியது போன்ற பொய்ப் படங்களைச் செய்து அதற்குக் காட்டவேண்டியிருந்தது. இன்று இந்த வலைகள் மிகப் பெரிதாகிவிட்டன. கணனிக் கிடங்குகளைக் குளிர்விக்கச் செலவாகும் மின்சாரத்தை இப்படிப் பழக்கிய தொகுதி ஒன்று 40 வீதம் வரை குறைத்தது என்று லண்டனில் இருக்கும் டீப்மைண்ட் நிறுவனம் 2016 இல் அறிவித்தது. சுவர்ப் பெட்டிகளிலும் பழகும் வகை வந்துவிட்டது. எத்தனை மணிக்குக் கூட்டுகிறோம், எத்தனை மணிக்குக் குறைக்கிறோம் என்று பார்த்துத் தானே செய்யும். அவற்றில் சில, முன்னால் ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்றும் பார்க்கும். நடமாட்டம் இல்லாவிட்டால் வீட்டில் ஒருவரும் இல்லை என்று சூட்டைக் குறைத்துவிடும்.

இனி நாம் முன்பு ஒத்திவைத்த வசனத்துக்கு வருவோம்.

2010 டிசம்பர். இந்த நாட்டில் 1910 முதல் வைத்திருக்கும் பதிவுகளில் அதுதான் மிகக் குளிரான டிசம்பர். நாங்கள் வந்து முதலாவது குளிர்காலம். இரண்டு அறை வீடு, காசு போட்டு ஏற்றும் மீற்றர். பெட்டி 19 இல் நின்றது, அதற்குமேல் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். பெட்டி குசினிக் கதவுக்கு நேரே இருந்தது. காலையில் புட்டு அவிப்பதும் பின்னேரம் கறி வைப்பதும் குசினியில். அந்தச் சூடு நேரே பெட்டிக்குப் போகும். பெட்டி 'போதும்' என்று பொயிலரை நிறுத்தும். வடக்குப் பக்க அறையில் பிள்ளைகளின் அம்மம்மா. அவவை நாங்களும் அம்மம்மா என்றுதான் கூப்பிடுவோம்.

"அம்மம்மா, குளிருதே?" என்று தினமும் கேட்டோம். "எனக்குக் குளிரேல்லை பிள்ளை, நீங்கள் காசை வீணாக்காதேங்கோ" என்றுதான் பதில். அவ நடுங்கவும் இல்லை. நடுங்காததால் நாங்கள் நம்பிவிட்டோம். மூன்றாம் நாள் பேச்சு இழுபட்டது. தேத்தண்ணீர்க் கோப்பை கைதவறி விழுந்தது. நித்திரைத் தூக்கம் என்று நினைத்தோம், வயது என்று நினைத்தோம். கெயார் ஹோமில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்கா ஏதோ கொடுக்க வந்தவர், அம்மம்மாவைப் பார்த்ததும் செருப்பையும் கழற்றாமல் உள்ளே வந்தார். கையைத் தொடவில்லை. நேரே சட்டைக்குள் கையை விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "வயிறு ஐஸ் மாதிரிக் குளிருது. 999 க்கு அடியுங்கோ" என்றார். அம்புலன்ஸில் வந்தவர்கள் அளந்தபோது உடம்பின் சூடு 35 பாகைக்குக் கீழே நின்றது.

அம்மம்மா நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தா. அந்த நான்கு நாளில்தான் நாங்கள் இதைப் படித்தோம். வயது போகப் போக உடம்பின் கட்டுப்பாடு தளர்கிறது. தோல் குளிரை முன்போல அறிவிப்பதில்லை. இரத்தக் குழாய்கள் முன்போல இறுகச் சுருங்குவதில்லை. நடுக்கம் குறைகிறது. ஆகவே "எனக்குக் குளிரேல்லை" என்று அவ சொன்னது பொய் அல்ல, எங்களைச் சமாளிக்கச் சொன்னதும் முழுவதும் அல்ல. அவவின் உணர்வு நரம்புகள் அவவுக்கே செய்தி அனுப்பவில்லை. சுவர்ப் பெட்டியோ குசினிக் காற்றை அளந்துகொண்டு தன் கடமையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் அன்று இரண்டு கட்டுப்பாட்டுத் தொகுதிகள் இருந்தன. இரண்டும் வடக்கு அறையைக் காணவில்லை.

பச்சைக் குழந்தைகளும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்கு நடுங்கத் தெரியாது. தோள்மூட்டுகளுக்கு நடுவே இருக்கும் ஒருவகைப் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சூடு உண்டாக்குகிறது, அதற்கு அளவு உண்டு. நடுங்கவில்லை, அழவில்லை என்பதால் குழந்தைக்குக் குளிரவில்லை என்று சொல்லமுடியாது.

ஆகவே புதிதாக வந்தவர்களுக்குச் சில காரியங்கள். உலக சுகாதார நிறுவனம் குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை இருக்கவேண்டும் என்று 2018 இல் சொல்லியிருக்கிறது. வயது போனவருக்கும் குழந்தைக்கும் அதைவிடச் சற்றுக் கூட வேண்டியிருக்கலாம் என்பதும் அதில் இருக்கிறது. பெட்டியில் நிற்கும் இலக்கம் பெட்டி இருக்கும் இடத்தின் சூடு மட்டுமே. சில பவுண்களுக்குக் கிடைக்கும் சாதாரண அறை வெப்பமானி ஒன்றை வாங்கி, வயது போனவர் இருக்கும் அறையில், அவர் இருக்கும் கதிரையின் உயரத்தில் வையுங்கள். சமைக்கும்போது குசினிக் கதவைச் சாத்துங்கள். பெட்டிக்கு அருகே விளக்கோ ரிவியோ வைக்காதீர்கள். றேடியேற்றரின் பக்கத்தில் 1 முதல் 5 வரை இலக்கமிட்ட திருகி இருந்தால் அது அந்த அறைக்கு மட்டுமான தனிக் கட்டுப்பாடு. ஆள் இல்லாத அறையில் அதைக் குறைத்து, ஆள் இருக்கும் அறையில் கூட்டலாம். வீட்டுப் பெட்டியைக் கூட்டுவதைவிட இது செலவு குறைவு. நடமாட்டம் பார்க்கும் வகைப் பெட்டி வைத்திருப்பவர்கள், கதிரையில் அசையாமல் இருக்கும் அம்மாவை அது ஆளாகக் கணக்கெடுக்கிறதா என்று ஒருநாள் வீட்டில் நின்று பார்க்கவேண்டும். எடுக்காவிட்டால் அந்த வசதியை நிறுத்திவிடலாம். பேச்சு இழுபட்டு, தடுமாறி, வயிறும் குளிர்ந்திருந்தால் 999. உடனே சுடுதண்ணீரில் குளிக்க வார்க்கவோ கைகாலைத் தேய்க்கவோ கூடாது. போர்வையால் மூடி, ஈர உடுப்பை மாற்றி, வருகிறவர்களுக்காகக் காத்திருக்கவேண்டும்.

காஸ் மீற்றருக்குக் காசு போதாத மாதங்கள் எல்லோருக்கும் வரும் என்பது தெரிந்தே எழுதுகிறோம். கவுன்ஸிலிடமும் காஸ் கொம்பனியிடமும் உதவித் திட்டங்கள் உண்டு. கேட்பதற்கு வெட்கப்பட்டு வடக்கு அறையைக் குளிரவிடுவது நாங்கள் செய்த பிழை.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு அம்மம்மாவின் அறையில் ஒரு வெப்பமானி வைத்தோம். அவ அதை எடுத்துச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டா. காலையில் கண்ணாடியைப் போட்டு இலக்கத்தைப் பார்த்துவிட்டு, "பிள்ளை, இண்டைக்கு 17 தான் நிக்குது, என்னவெண்டு பார்" என்று குரல் கொடுப்பா. நமக்குக் குளிருது என்று அவ ஒருநாளும் சொன்னதில்லை. 17 என்று மட்டும் சொல்லுவா.